மறுபூச்சு

ஏழாவது எலும்புக்கூட்டின் இடது முன்கையில் ஒரு கோடு விழுந்திருந்தது. பெர்னடீன் துணியை அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொண்டு குனிந்தாள். மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, எலும்பைச் சுற்றிக் கொஞ்சம் சாய்வாக, தலைமுடி கனத்தில் பழுப்பாக ஓடியது அந்தக் கோடு.

சாயம் பூசினால் கோடு விழத்தானே செய்யும், இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பதினோரு வருடமாக இந்த வேலையைச் செய்கிறவளுக்குத்தான் அது எவ்வளவு தப்பான கோடு என்று தெரியும். பன்னிரண்டு கூடுகளும் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக். ஒன்றில் எங்கே பள்ளமோ மற்ற பதினொன்றிலும் அங்கேதான் பள்ளம். பிளாஸ்டிக் சாயத்தைக் குடிக்காது. மேட்டில் பட்டது துணியோடு வந்துவிடும், பள்ளத்தில் இறங்கினது மட்டும் தங்கும். அப்படித் தங்கித்தான் கண்குழியும் பல்லிடுக்கும் விலாவின் அடியும் கறுத்து, கடையில் பளபளவென்று இளித்துக்கொண்டிருந்த சாமான் நூறு வருடம் மண்ணுக்குள் கிடந்ததுபோல ஆகிறது. மற்ற ஆறின் முன்கையையும் போய்த் தடவிப் பார்த்தாள். எல்லாம் வழவழவென்று இருந்தன.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி இருக்கும். கார் ஷெட்டின் கதவைத் தூக்கி விட்டிருந்தாள். சாயத்தின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், விளக்கில் பார்த்தால் ஏமாற்றிவிடும். வால்நட் நிறச் சாயம் டப்பாவில் கூழாகக் கிடந்தது. அதன் வாடை தொண்டைவரை ஏறி நின்றது. துடைத்த துணிகளை ஒவ்வொன்றாக வேலியில் விரித்துப் போட்டிருந்தாள். குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும், தீயணைப்புக்காரன் அக்காவுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு தெரு தள்ளிப் பள்ளி மைதானத்தில் பேண்டு வாத்தியம் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே நாலு அடியைத் திரும்பத் திரும்ப வாசித்து அதே இடத்தில் தவறினார்கள்.

சனங்கள் காசு கொடுத்து உள்ளே போய்ப் பயந்துவிட்டு வருகிற, தீயணைப்புச் சங்கத்தின் பேய் வீட்டை அடுத்த வெள்ளிக்கிழமை திறக்கிறார்கள். பென்சில்வேனியாவின் இந்த நிலக்கரி ஊரில் அதைவிடப் பெரிய திருவிழா கிடையாது. முகமூடி செய்ய ஒருத்தி, சிலந்தி வலை கட்ட ஒருத்தன், உருளைக்கிழங்கு அடை சுட ஒரு கூட்டம் என்று ஆளுக்கொரு வேலை. எலும்புக்கூடு பெர்னடீனுக்கு. வேறு யார் பூசினாலும் சாக்லேட்டில் முக்கியதுபோல ஆகிவிடுகிறது என்று சங்கத்தின் கேப்டன், அவள் தம்பி புட்ச், எல்லாரிடமும் பெருமையடிப்பான். ஐந்து மணிக்கு வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தான்.

அந்தக் கோட்டுக்குக் காரணம் அவளுக்கு உடனே கிடைத்தது. பூசிவிட்டு ஐந்து நிமிடத்தில் துடைத்திருக்க வேண்டும். அடுப்பில் முட்டைகோஸும் நூடுல்ஸும் அடி பிடிக்கிற வாசனை வந்து உள்ளே ஓடியதில் கால் மணி நேரம் போய்விட்டது. காய்ந்துவிட்ட சாயத்தைச் சுரண்டக் கூடாது. சுரண்டினால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும், கீறலில் இன்னும் சாயம் இறங்கும். அதன் மேலேயே புதுச் சாயம் பூச வேண்டும். புதுசு பழசை இளக்கிவிடும், பிறகு இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடலாம். இந்த வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் செய்வது அதுதான். அவளும் தூரிகையை முக்கி முன்கையில் தடவினாள், ஒரு நிமிடம் விட்டாள், துடைத்தாள்.

கோடு போகவில்லை. இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் தொட்டாள். கோட்டின் இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்திருந்தது. கரடுமுரடாக, ஒரு பாதாம் பருப்பு அளவுக்கு.

அந்தப் புடைப்பை அவளுக்குத் தெரியும். குளிப்பாட்டும்போது, சட்டை மாட்டிவிடும்போது, தூங்குகிறவன் கையை எடுத்துப் போர்வைக்குள் வைக்கும்போது விரலில் தட்டுப்பட்ட புடைப்பு. ஒன்பது வயதில் கோரி பக்கத்து வீட்டு ஷெட்டுக் கூரையிலிருந்து குதித்து இடது கையை உடைத்துக்கொண்டான்.

"பைத்தியக்காரி" என்று தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டு பெர்னடீன் எட்டாவது கூட்டை எடுத்தாள்.

கோரி அவளுடைய ஒரே பிள்ளை. புருஷன் லென் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது. போன நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, கிடங்கு வேலையையும் விட்டுவிட்டேன் என்று கோரி வந்து நின்றபோது அவள் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினாள். போறேன், என்னைத் தேடாதே என்றான். போ, உன்னை எவன் தேடப்போறான் என்றாள். அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கதவு வழியாகப் போனான். ஊருக்குப் பின்னால் கரி தோண்டி அப்படியே விட்டுப்போன கறுப்பு மேடுகளைக் குறுக்கே கடந்தால் பஸ் நிற்கிற நெடுஞ்சாலை வந்துவிடும். மறுநாள் பார்த்தால் கடலை வெண்ணெய், பிஸ்கட், டின் பீன்ஸ் ஒன்றில்லாமல் அலமாரியைக் காலி பண்ணிக்கொண்டு போயிருந்தான். அதற்கும் திட்டினாள்.

நாலாம் நாள் புட்ச் வந்தான். சங்கத்து ஆட்களையும் நாயையும் கூட்டிக்கொண்டு மேடுகளை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டுமா என்று கேட்டான். இருபத்து மூணு வயசு ஆம்பிளை, அவனாகப் போயிருக்கான், ஆளை விட்டுத் தேடினா ஜென்மத்துக்கும் திரும்ப மாட்டான் என்று சொல்லிவிட்டாள். அவன் மறுபடியும் வந்து கேட்டான். மூன்றாம் தடவை கேட்டபோது அவள் ஒரு பொய் சொன்னாள். கோரி போன் பண்ணினான், மேற்கே சூடான ஊரில் வேலை கிடைச்சிருக்காம் என்றாள். தேடுகிற பேச்சு அத்தோடு முடிந்தது. பொய் மட்டும் வளர்ந்தது. மாசம் ஒரு போன், முதலாளி நல்லவர், முடியை வெட்டிக்கொண்டான் என்று அவளே அதற்குச் சோறு போட்டு வளர்த்தாள். ராத்திரி அதைத்தான் கட்டிக்கொண்டு தூங்கினாள். பதினோரு மாதத்தில் அது பாதி நிஜமாகவே ஆகிவிட்டிருந்தது. மீதிப் பாதியை அவள் தொடவே மாட்டாள். அவன் உயிரோடு இல்லையென்றால், தேடாதே என்று சொன்னவள் யார்? அந்த இடத்துக்கு மனசை அவள் விட்டதே இல்லை.

எட்டாவதில் கோடு இல்லை. ஒன்பதிலும் இல்லை. பத்தாவதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஷெட்டுக்குள் 'டக்' என்றது. திரும்பிப் பார்த்தாள். மேசையில் கிடந்த ஏழாவதின் தாடை திறந்திருந்தது. தாடையில் ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு, குளிரில் அது தானாக விடுபடும், எல்லா வருடமும் விடுபடுவதுதான். மூடிவிடப் போனாள்.

மேல் வரிசையில் முன்பல் ஒன்று மூலையில் உடைந்திருந்தது.

காலையில் பெட்டியிலிருந்து எடுத்தபோது உடைந்திருக்கவில்லை. பல்லைத்தான் அவள் முதலில் பார்ப்பாள். வாங்குகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். உடைந்த விளிம்பில் சாயம் இறங்கிப் பழசாகியிருந்தது. கோரி பதினாலு வயதில் ஹாக்கி மட்டையில் அடிபட்டு வந்து, ரத்த வாயோடு இளித்துக்காட்டிய அதே பல், அதே மூலை.

"என்னடி, பிள்ளைங்க எல்லாரையும் குளிப்பாட்டியாச்சா?"

பெர்னடீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்சந்தில் பக்கத்து வீட்டு ரீட்டா கையில் காப்பிக் கோப்பையோடு நின்றாள். முப்பது வருடச் சிநேகிதம். வேலியில் விரித்திருந்த துணிகளை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, தொங்குகிறவைகளின் கன்னத்தை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, இதில் எது என் வீட்டுக்காரன், அந்தத் தொப்பை இல்லாததுதானே என்று சிரித்தாள். பெர்னடீனும் சிரித்துவைத்தாள். சிரித்துக்கொண்டே அவள் கை ஏழாவதின் முன்கையைப் பொத்திக்கொண்டது.

"கோரி கிறிஸ்துமஸுக்காவது வர்றானாமா?"

"வரேன்னுதான் சொல்லியிருக்கான்."

"வந்தா காதைத் திருகி என்கிட்ட அனுப்பு. ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டான் படவா."

பெர்னடீன் தலையாட்டினாள். பிறகு, கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, இந்தப் பல்லைப் பாரேன் என்றாள். ரீட்டா குனிந்து பார்த்தாள். உடைஞ்சிருக்கு, கடையில மாத்திக் கேளு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, முட்டைகோஸ் தீய்ந்த வாசனையைப் பற்றி ஒரு கிண்டலும் செய்துவிட்டுப் போய்விட்டாள். அவள் செருப்புச் சத்தம் சந்தில் தேய்ந்தது. ஆக, கண் பிசகில்லை. ரீட்டாவுக்கும் தெரிகிறது.

பேண்டு வாத்தியம் நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதே அந்தக் கூட்டைப் பெட்டியில் போட்டு மூடியிருக்கலாம். தூக்கிக் குப்பையில் போட்டிருக்கலாம். ஆனால் தாய் மனசு ஒரு தினுசு. இது அவனில்லை என்று நிரூபித்துவிட வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. சாயம்தானே இதையெல்லாம் காட்டுகிறது? சாயத்தை முழுக்க எடுத்துவிட்டால்? பழசை இளக்கப் புதுசு பூச வேண்டும். பெரிய தூரிகையை எடுத்தாள். உச்சந்தலையிலிருந்து ஆரம்பித்துக் கழுத்து, தோள், விலா, முதுகெலும்பின் ஒவ்வொரு முடிச்சு, இடுப்பு, தொடை, முழங்கால், பாதத்து விரல்கள்வரை ஓர் இடம் விடாமல் அப்பினாள். கூடு முழுக்கக் கறுத்து ஈரமாக மினுங்கியது. சமையலறை மணிக்கடிகாரத்தை ஐந்து நிமிடத்துக்குத் திருகி மேசையில் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து கையை மடியில் கோத்துக்கொண்டாள்.

ஐந்து நிமிடம் இவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வெளியே மேகம் வந்து மூடி வெளிச்சம் சாம்பல் நிறமானது. தெருவில் யாரோ இலை வாரிக்கொண்டிருந்த சத்தமும் நின்றது. கயிற்றில் தொங்கிய கூடுகள் காற்றே இல்லாமல் மெல்ல ஆடின, ஆடி ஆடி ஒரு பக்கமாகத் திரும்பின, அவள் பக்கமா மேசையின் பக்கமா என்று அவள் பார்க்கவில்லை. சாய வாடைக்கு அடியில் இன்னொரு வாடை. ஈரக் கல். துரு. அழுகின முட்டைபோலக் கொஞ்சம் கந்தகம். மேசையின் ஓரத்திலிருந்து சாயம் சொட்டியது. ஒரு சொட்டு. இடைவெளி. இன்னொரு சொட்டு.

மணி அடித்தது. துடைக்க ஆரம்பித்தாள்.

மண்டை ஓடு சுத்தமாக வந்தது, பல்லின் பக்கம் அவள் பார்க்கவில்லை. தோளெலும்பும் விலாவும் வந்தன. நெஞ்சில் சின்ன நம்பிக்கை முளைத்தது. தொடை, முழங்கால். வலது கால் முன்னெலும்பில் துணி தட்டியது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் எலும்பு உடைந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கோணலாக ஒட்டியிருந்தது. சுற்றிலும் கொத்தாகப் புடைப்பு.

பெர்னடீன் துணியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கோரி கால் உடைத்துக்கொண்டதே இல்லை! ஒரு நாளும் இல்லை. சத்தியமாக இல்லை. இது அவனில்லை. கர்த்தரே, இது வேறு யாரோ. இந்தக் கூடு யார் பிள்ளையுடையதாகவும் இருக்கட்டும். அவள் எழுந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சாயமானது, அதைப் பற்றிக்கூட அவளுக்கு அக்கறையில்லை.

பிறகுதான் அந்த டாக்டர் ஞாபகம் வந்தார். ஒன்பது வயதுக் கோரியின் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி, இந்தப் புடைப்பைப் பாருங்கம்மா, உடம்பே தனக்குப் பூசிக்கிற பசை, உயிருள்ள எலும்புதான் இப்படி ஒட்டும், மூணு வாரத்துல தெரியும், ஆறு வாரத்துல கெட்டியாகும் என்று சொன்னவர்.

இந்த வீட்டில் இருந்தவரை அவன் கால் உடையவில்லை. போன பிறகு உடைந்திருக்கலாம்.

இருக்கட்டுமே. ஒட்டியிருக்கிறதே! உடைந்து, ஒட்டி, பிழைத்திருக்கிறான். சூடான ஊரில் நொண்டிக்கொண்டு நடக்கிறான். வெட்கப்பட்டுக்கொண்டு அம்மாவிடம் சொல்லவில்லை. அதுதான். அப்படித்தான். மனசு எதையாவது பிடித்துத் தொங்கும், அவளுடையதும் தொங்கியது. கோணலாக ஒட்டியிருக்கிறதே, எந்த ஆஸ்பத்திரியில் இப்படி ஒட்டவைப்பார்கள் என்ற கேள்வியை அவள் தள்ளித் தள்ளிவிட்டாள்.

மீதம் வலது கை மட்டும் இருந்தது. துடைத்தாள்.

கை மூடியிருந்தது. இந்த அச்சில் கை எப்போதும் விரிந்துதான் இருக்கும், மடக்குவதென்றால் சூடு காட்டித்தான் மடக்க வேண்டும். சூடு காட்டவில்லை. ஐந்து விரலும் உள்ளே மடங்கி முஷ்டியாகியிருந்தது. முட்டி எலும்புகள் நாலும் தேய்ந்திருந்தன. தட்டையாக. கல்லில் தேய்த்ததுபோல. நடு விரலின் முட்டி பாதி இல்லை.

தட்டித் தட்டித் தேய்ந்த கை.

பெர்னடீன் ஸ்டூலைத் தேடினாள். கிடைக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போன நவம்பர் நடுவில் வீட்டு நிலவறையில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. பழைய கரித்தொட்டிக்குப் பின்னால், கல் சுவரில். டொக் டொக் டொக், கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் டொக் டொக் டொக். வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் சூடேறி முனகுகிறது என்று நினைத்தாள். புட்ச் வந்து குழாய்க்குத் துணி சுற்றிக் கட்டிவிட்டுப் போனான். சத்தம் நிற்கவில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். வேலையில்லாத பஞ்ச காலத்தில் லென்னின் தாத்தா நிலவறையிலிருந்தே திருட்டுத்தனமாகக் கரி தோண்டிய குழி. மலைக்கு அடியில் ஓடுகிற பழைய சுரங்கத்தில் போய் முட்டியதும் பயந்துபோய்க் கல் வைத்து அடைத்துவிட்டார். கோரி சின்ன வயதில் அந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறான். நம்ம வீட்டுக்குப் பின்வாசல் பூமிக்குள்ள இருக்கு என்று பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டிருக்கிறான்.

அந்த மேடுகளில் எங்கேயோ கால் வைத்த இடம் உள்வாங்கியிருக்கிறது. காலை உடைத்துக்கொண்டு, சுரங்கத்து இருட்டில், தடவித் தடவி, தவழ்ந்து, அவன் வீட்டுக்கு வந்திருக்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நிலவறையில் ரேடியோவில் போல்காப் பாட்டுக் கேட்டுக்கொண்டு துணி துவைத்தவள், அந்தச் சத்தம் பொறுக்காமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். அதன் கட்டைப் பிடியால் அந்தச் சுவரில் ஓங்கி மூன்று அடி அடித்தாள். "வாயை மூடு!" என்று கத்தினாள்.

அந்தப் பக்கம் ஒரு விநாடி அமைதி. பிறகு பைத்தியம் பிடித்ததுபோல ஒரே தட்டு. டொக்டொக்டொக்டொக்டொக். நிறுத்தாமல். அவளுக்குக் கோபம்தான் வந்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு மேலே வந்துவிட்டாள்.

அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அம்மா வருவாள். அப்படித்தானே நினைத்திருப்பான். அதற்குப் பிறகும் ஒரு மாதம் தட்டியிருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னால் சத்தம் நின்றது. அப்பாடா, பண்டிகைக்காவது நிம்மதி என்று அவள் ரீட்டாவிடம் சொன்னாள்.

புட்சின் வண்டி வந்து நின்றபோது அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் பழுப்பு. அவன் முதலில் சிரித்தான், பேய் வீட்டுக்கு உன்னையே கூட்டிட்டுப் போயிடலாம் போலிருக்கே என்றான். பிறகு அவள் கண்ணைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"புட்ச், அன்னிக்கு நீ துணி சுத்தினியே, அந்தக் குழாய் சூடா இருந்துதா?"

அவன் மேசைக்குப் போய் அந்தக் காலைத் தொட்டான். புடைப்பில் கட்டைவிரலை வைத்து ஓட்டினான். விபத்தில் எத்தனையோ எலும்பைப் பார்த்த கை அது. முஷ்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பல்லைப் பார்த்தான். அந்த ஹாக்கி ஆட்டத்துக்குக் கோரியைக் கூட்டிப்போனவன் அவன்தான்.

"ஜில்லுன்னு இருந்துது" என்றான். "இந்த ஊர்ல எந்த வீட்டுக்கு அடியிலதான் சத்தம் இல்ல பெர்னி. மண்ணு இறங்குதுன்னு நெனச்சேன். நீ பயப்படுவேன்னுதான் சொல்லல. அவன்தான் போன் பண்ணினான்னு நீ சொன்னியே."

"பண்ணல."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட இல்ல."

புட்ச் வண்டியிலிருந்து பெரிய சம்மட்டியையும் டார்ச்சையும் எடுத்து வந்தான். இருவரும் நிலவறைக்கு இறங்கினார்கள். படியில் இரண்டு தடவை அவன் முதுகு குலுங்கியது. பாசியும் பழைய கரியும் மணக்கும் அந்த இருட்டில், கரித்தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டுச் சம்மட்டியை ஓங்கினான். அவள் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டா. போயிடலாம். இதை இடிச்சா அவன் இல்லாமப் போயிடுவான்டா."

அவன் இடிக்கவில்லை. காத்திருந்தான். அவனும் அழுதுகொண்டிருந்தான். இந்தச் சுவர் நிற்கிறவரை பிள்ளை மேற்கே சூடான ஊரில் இருக்கிறான், முடி வெட்டிக்கொள்கிறான், கிறிஸ்துமஸுக்கு வரேன் என்கிறான். பதினோரு மாதம் அவனை அப்படி வைத்துக் காப்பாற்றியவள் அவள். அவள் சுவரைப் பார்த்தாள். விரல்கள் தானாகச் சட்டையை விட்டன.

நாலாவது அடியில் கல் பெயர்ந்தது. ஆறாவதில் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. ஈரக் கல்லும் துருவும் கந்தகமும் கலந்த குளிர்ந்த மூச்சு அவர்கள் முகத்தில் பட்டது. புட்ச் டார்ச்சை உள்ளே நீட்டி, தலையை நுழைத்துப் பார்த்தான். வெளியே எடுத்த முகத்தில் ரத்தம் இல்லை. பாக்காத என்றான். அவள் அவனை ஒரு கையால் தள்ளிவிட்டு டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஒரு கை நீளம். அவ்வளவுதான் தூரம்.

அவனுடைய நீல ஜாக்கெட். பக்கத்தில் கூரை சொட்டுகிற இடத்தில் வைத்த கடலை வெண்ணெய் பாட்டில், விளிம்புவரை தண்ணீர். வலது காலில் பழைய மரச்சட்டம் வைத்து இடுப்பு பெல்ட்டால் கட்டிய கட்டு. சுரங்கத்து நீர் பட்டுப் பட்டு எலும்பெல்லாம் பழுப்பு. மேடு வெளிறி, பள்ளம் கறுத்து. கண்குழியில் கறுப்பு. பல்லிடுக்கில் கறுப்பு. அவள் கையால் பூசித் துடைத்தால் எப்படி வருமோ அப்படி. முஷ்டி சுவரில் சாய்ந்திருந்தது. அது பட்ட கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துக் குழிந்திருந்தது. தலை பக்கவாட்டில் சரிந்து, காது இருக்க வேண்டிய இடம் கல்லோடு ஒட்டி, இந்தப் பக்கம் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டேயிருந்த மாதிரி.

பெர்னடீன் ஓட்டையில் வாயை வைத்தாள்.

"கோரி. அம்மா வந்துட்டேன்டா."

புட்ச் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை. டார்ச் வெளிச்சம் நடுங்காமல் நின்றது. சுவரில் காதை வைத்துப் படுத்திருந்த அந்தத் தலை, கல்லில் உரசிக்கொண்டு, மெல்ல, மிக மெல்ல, குரல் வந்த பக்கம் திரும்பியது.